அன்றன்று எழுதிய ஏடு

சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நகரத்தார் கிட்டங்கிகள் நிறைந்திருந்த காலத்தில், அங்கே கணக்கு மூன்று படிகளாக எழுதப்பட்டது. அன்றாட வரவு செலவு முதலில் குறிப்பில் ஏறும். பின்னர் அது பேரேட்டில் அவரவர் பெயரின் கீழ்ப் பற்று வரவாகப் பிரியும். ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுக்கப்படும். இம்மூன்றனுள் பார்வைக்கு அழகானது ஐந்தொகையே. ஆனால் வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால், வழக்கறிஞர் தேடுவது ஐந்தொகையை அன்று. நிகழ்ந்த அன்றே எழுதப்பட்ட குறிப்பைத்தான். வாணிகத்தில் ஒழுங்காக எழுதப்பட்டு வரும் கணக்கேடு சான்றாகும் என்பது 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் ஒப்புக்கொண்ட நெறி. 1893இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கும் அதே வழியில் சட்டம் செய்யப்பட்டது. எழுத்து கோணலாயிருக்கலாம், மை சிந்தியிருக்கலாம். அன்றன்று எழுதப்பட்டதா என்பதே கேள்வி.

இரசாயன ஆய்வுக்கூடத்து மாணவன் கையில் இருக்கும் குறிப்பேடும் இக்குறிப்பைப் போன்றதே. ஆனால் நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமொன்று இவ்வுண்மையை மறைத்துவிட்டது. செய்முறை வகுப்பில் ஏதோ ஒரு தாளிலோ கசங்கிய நோட்டிலோ அளவுகளைக் கிறுக்குவது. பின்னர் வீட்டில் அமர்ந்து, அளவுகோல் வைத்துக் கோடிழுத்து, படம் வரைந்து, 'ரெக்கார்டு நோட்டு' எனப்படும் பதிவேட்டில் அழகாக எழுதுவது. ஆசிரியர் அந்த அழகுக்குக் கையொப்பம் இடுவது. இதனால், படியெடுத்ததே ஆவணம், முதலில் எழுதியது குப்பை என்ற எண்ணம் மாணவன் மனத்தில் வேரூன்றிவிடுகிறது. உண்மை இதற்கு நேர்மாறானது.

எடுத்துக்காட்டாக, அமிலத்தையும் காரத்தையும் வைத்துத் தரம்பார்க்கும் எளிய சோதனையை நோக்குக. பியூரெட்டில் ஒரு கன சென்டிமீட்டர் பத்துக் கூறாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கூர்ந்த கண்ணுடையவன் ஒரு கூற்றின் பாதியை மதிப்பிட்டுப் படிக்க இயலும். ஆகவே 24.00 என்று எழுதுவதும் 24 என்று எழுதுவதும் ஒன்றல்ல. முன்னது, இரண்டாம் பதின்மத் தானம் வரை நோக்கினேன் என்னும் வாக்குமூலம். பின்னது அத்தகைய உறுதி எதனையும் தரவில்லை. முதல் முறை 24.30 வருகிறது, இரண்டாம் முறை 24.10, மூன்றாம் முறை 24.15. முதலாவதில் கை சற்று விரைந்துவிட்டது என்று மாணவனுக்குத் தோன்றலாம். அதனை ஒரே கோட்டால் அடித்து, கீழே உள்ள எண் தெரியுமாறு விட்டு, ஏன் விலக்கினான் என்பதைப் பக்கத்தில் எழுதுவதே முறை. அழிப்பானால் துடைத்து 24.15 என்று மாற்றுகிறவன் ஓர் எண்ணை மட்டுமா மாற்றுகிறான்? தான் கண்டதையே மாற்றிவிடுகிறான். தைத்துக் கட்டிய நோட்டு, எண்ணிட்ட பக்கங்கள், அழியாத மை, நாள், நேரம் என்றெல்லாம் ஆசிரியர் வற்புறுத்துவது இதன் பொருட்டே.

இந்நெறிக்கு இலக்கணமாக விளங்கியவர் மைக்கேல் பாரடே. இளமையில் இலண்டனில் நூல் கட்டும் தொழில் பழகிய இவர், பிற்காலத்தில் அரச நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் தாம் எழுதிய குறிப்புகளை நூலாகக் கட்டிவைத்ததில் வியப்பில்லை. 1831ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் மின்தூண்டலைக் கண்ட செய்தி அவ்வேட்டில் அன்றைய நாளிட்டே காணப்படுகிறது. அடுத்த ஆண்டு முதல் பத்திதோறும் தொடர் எண் இடலானார். அவ்வெண் 16,041 வரை சென்றது. பலிக்காத சோதனைகளும் பலித்தவற்றுக்கு ஒப்பாகவே அங்கே எண் பெற்றிருக்கின்றன. 1932 முதல் 1936 வரை ஏழு தொகுதிகளாக அவை அச்சேறியபோது, ஒரு பெரிய கண்டுபிடிப்புக்குப் பின்னே எத்தனை 'பயனில்லை'கள் வரிசையாக நிற்கின்றன என்பதை உலகம் கண்டது.

நம் ஊரிலும் இதற்குச் சான்றுண்டு. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திற்கு 1877இல் கியூ தோட்டத்திலிருந்து இருபத்திரண்டு இரப்பர்க் கன்றுகள் வந்தன. 1888இல் இயக்குநராக வந்து 1911 வரை பணியாற்றிய ஹென்றி நிக்கலஸ் ரிட்லி, அம்மரங்களின் வழித்தோன்றல்களை வைத்துக்கொண்டு ஆண்டுக் கணக்கில் பால் வெட்டிப் பார்த்தார். பட்டையைக் கண்டபடி கொத்தாமல், முதல் வெட்டின் விளிம்பையே மெல்லச் சீவித் திறந்துகொண்டு போனால் மரம் கெடாது என்பதும், அடுத்தடுத்த நாட்களில் பால் குறைவதற்கு மாறாகக் கூடுகிறது என்பதும் அவர் கண்ட உண்மைகள். இரண்டாவது, கேட்பவர் எளிதில் நம்பாத செய்தி. ஒரு நாளின் அளவை மட்டும் பார்த்தவனுக்கு அது புலப்படவும் புலப்படாது. நாள்தோறும் அளந்து எழுதியவனுக்கே தெரியும். அந்நாளைய தோட்ட முதலாளிகள் காப்பியிலேயே கண்ணாயிருந்தார்கள். சட்டைப்பையில் இரப்பர் விதையை வைத்துக்கொண்டு காண்போரிடமெல்லாம் நீட்டிய ரிட்லியைப் 'பித்தர்' என்றனர். 1896இல் மலாக்காவில் டான் சே யான் இரப்பர் பயிரிட முன்வந்தார். பிறகு நடந்ததைத் தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய குடும்பங்களின் கதை அங்கிருந்துதான் பெருகுகிறது.

பொருந்தாத எண்ணை அழிக்காமல் வைத்திருந்தவருக்குக் கிடைத்த பரிசு யாது என்பதற்கு ராலே பிரபுவின் வரலாறு சிறந்த சான்று. நைட்ரஜன் வாயுவை அவர் இரு வழிகளில் பெற்று, ஒரே கண்ணாடிக் கோளத்தில் நிரப்பி நிறுத்தார். காற்றிலிருந்து பிரித்தெடுத்தது ஏறத்தாழ 2.310 கிராம் நின்றது. இரசாயனக் கூட்டுப்பொருள்களிலிருந்து பெற்றதோ 2.299 கிராம்தான். வேறுபாடு ஆயிரத்தில் ஐந்து பங்கு. வேறொருவர் சராசரி எடுத்து விட்டிருப்பார். ராலே, இவ்வேறுபாட்டுக்குக் காரணம் தெரியவில்லை என்று 1892இல் வெளிப்படையாக எழுதி, இரசாயனிகளின் உதவியை வேண்டினார். இரண்டு ஆண்டுகளில், வில்லியம் ராம்சேயோடு சேர்ந்து, காற்றினுள் ஒளிந்திருந்த ஆர்கான் என்னும் புதுத் தனிமத்தை அறிவித்தார். மனிதகுலம் தோன்றிய நாள் முதல் மூச்சோடு உள்ளிழுத்து வந்த பொருள், இரண்டாம் மூன்றாம் பதின்மத் தானத்தில் காத்திருந்தது.

இதே ராலேதான், கடலின் நீலம் வானத்து நீலத்தின் எதிரொளியே என்றவர். அக்கூற்றை 1921ஆம் ஆண்டு நர்க்குண்டா என்னும் கப்பலின் மேல்தட்டில் நின்று ஐயுற்றவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சந்திரசேகர வேங்கடராமன். இவரது முதல் தொழிலும் கணக்கே. 1907 முதல் பத்தாண்டுக் காலம் இந்திய நிதித் துறையில் கணக்கு அதிகாரியாக இருந்துகொண்டு, காலையிலும் மாலையிலும் கல்கத்தா பௌபஜார் தெருவிலிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி செய்தவர் இவர். 1917இல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். கடல்நீர் தானே ஒளியைச் சிதறச் செய்கிறது என்று காட்டியபின், நீர்மங்களில் ஒளிச்சிதறலை அவருடைய மாணவர் குழு வரிசையாக ஆராயத் தொடங்கிற்று.

1923இல் கே. ஆர். இராமநாதன் ஒரு விந்தையைக் கண்டார். ஊதா ஒளியை நீரினுள் செலுத்தி, பக்கவாட்டில் பச்சைக் கண்ணாடி வழியே நோக்கினால், ஒன்றும் தெரியாதிருக்க வேண்டிய இடத்தில் மங்கலான ஒரு தடம் தெரிந்தது. நீரில் மாசு இருக்கும் என்று எண்ணி மீண்டும் மீண்டும் காய்ச்சி வடித்தார்கள். தடம் மறையவில்லை. 'மெல்லிய ஒளிர்தல்' என்று அதற்குப் பெயரிட்டுவிட்டார்கள். ஒளிர்தல் என்பது சில பொருள்களுக்கு இயல்பாக உள்ள, முன்பே அறியப்பட்ட குணம். கண்டதை அவர் சரியாகவே எழுதினார்; ஆனால் கண்டதன்மேல் ஒட்டப்பட்ட பெயர் ஐந்தாண்டுக் காலம் கதவடைத்துவிட்டது. நோக்கியது வேறு, நோக்கியதற்குக் கூறும் காரணம் வேறு. இரண்டையும் குறிப்பேட்டில் தனித்தனியே எழுதுக என்று இரசாயன ஆசிரியர் சொல்வதற்கு இதனினும் தெளிந்த காரணம் கிடைப்பது அரிது. 'வெண்ணிற வீழ்படிவு தோன்றியது' என்பது நோக்கு. 'குளோரைடு உளது' என்பது துணிபு.

1928ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எஸ். வேங்கடேசுவரன் என்பவர், தூய கிளிசரினில் சிதறிய ஒளி நீலமாயிராமல் பசுமையாகவும், மிகுதியும் முனைவுற்றதாகவும் இருப்பதைக் கண்டார். அவர் அரசாங்கச் சோதனைச் சாலையில் பணிபுரிந்துகொண்டு, ஓய்வு நேரத்தில் ஆராய்ந்தவர். ஒளிக்கு மூலமோ கதிரவன். அலுவலகம் முடிந்தபின் கதிரவன் இருப்பதில்லை. எனவே இப்பணி கே. எஸ். கிருஷ்ணன் கைக்கு வந்தது. கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4ஆம் நாள் வத்திராயிருப்பில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் படித்தவர். இவர் அந்தப் பிப்ரவரி மாதத்தில் ஆங்கிலத்தில் எழுதிய நாட்குறிப்பே, இந்திய விஞ்ஞான வரலாற்றின் விலைமதிப்பற்ற ஏடுகளுள் ஒன்றாகிவிட்டது.

பிப்ரவரி 5, ஞாயிற்றுக்கிழமை: மூன்று நான்கு நாட்களாகத் தம் பொழுதெல்லாம் ஒளிர்தல் ஆராய்ச்சிக்கே செல்வதாக எழுதுகிறார். 7ஆம் நாள் குறிப்பு நீளமானது. வேறொன்றைச் சரிபார்க்கப் போனவர், தூய நீர்மங்கள் எல்லாமே கட்புலனாகும் ஒளியிலும் அந்தத் தடத்தைக் காட்டுவதையும், அவ்வொளி வலுவாக முனைவுற்றிருப்பதையும் கண்டார். சாதாரண ஒளிர்தல் அங்ஙனம் முனைவுறுவதில்லை. பேராசிரியரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. அறைக்கு வந்தார். தொட்டியில் பென்டேன் அடங்கிய குமிழ் இருந்தது. கதிரவன் ஒளி வரும் வழியில் நீல ஊதாக் கண்ணாடி. காண்பவர் கண்ணருகே பச்சையும் மஞ்சளும் சேர்ந்த கண்ணாடி. முதற் கண்ணாடி விடும் ஒளியை இரண்டாவது விடாது. ஆயினும் தடம் பளிச்சென்று தெரிந்தது.

அப்போது இராமன் செய்த செயல் எல்லா ஆய்வுக்கூட மாணவரும் அறியத்தக்கது. கண்ணருகே இருந்த பச்சை மஞ்சள் கண்ணாடியையும் எடுத்து, ஒளி உட்புகும் வழியிலேயே வைத்தார். தடம் அறவே மறைந்தது. அதாவது, இரு கண்ணாடிகளையும் கடந்து கள்ளத்தனமாகக் கசியும் ஒளி ஏதுமில்லை. எனவே முன்பு கண்ட பசிய ஒளி நீர்மத்தினுள்ளேதான் பிறந்திருக்க வேண்டும். ஒரு கண்ணாடியை ஒரு முழத் தொலைவு இடம் மாற்றியதால் ஐயம் தீர்ந்தது. ஒன்றன்பின் ஒன்றாக நீர்மங்களைப் பார்த்தனர்; விலக்கின்றி எல்லாம் அதையே காட்டின. ஐந்தாண்டுக்கு முன்பே இதை எவ்வாறு தவறவிட்டோம் என்று பேராசிரியர் வியந்ததையும் கிருஷ்ணன் மறைக்காமல் எழுதிவைத்தார்.

அன்றிரவு ஒன்பது மணியளவில், உணவு முடித்து வேங்கடேசுவரனும் கிருஷ்ணனும் அறையில் பேசிக்கொண்டிருந்தபோது, இராமன் அவர்கள் இருந்த வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். காலையில் கண்டது, கிராமர்சும் ஐசன்பர்க்கும் கோட்பாட்டளவில் கூறிய விளைவாகவே இருக்க வேண்டும் என்று சொல்லத்தான் அந்த நேரத்தில் வந்தார். 'மாறிய சிதறல்' என்று அதனை வழங்குவதென அவர்கள் வீட்டு வாசலில் நின்றவாறே முடிவு செய்தனர். ஒளிர்தல் என்ற பழைய பெயர் அன்று கழன்றது.

9ஆம் நாள் ஈதர் ஆவியிலும் அவ்விளைவு தெரிந்தது. வகுப்பு முடிந்து பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்பிய பேராசிரியர் பார்ப்பதற்கு வெயில் எஞ்சியிருந்ததாம். அவர் மகிழ்ச்சியில் கூவிக்கொண்டு ஓடியதாகவும் குறிப்பு சொல்கிறது. 17ஆம் நாள், தம் இடக்கண்ணில் தொல்லை இருப்பதால் சில காலம் தாமே நோக்குவதாகப் பேராசிரியர் கூறியிருக்கிறார் என்று எழுதுகிறார். 27ஆம் நாள் வீட்டில் சமயச் சடங்கு, கழகத்துக்குச் செல்லவில்லை. இவை அற்பச் செய்திகள் போலத் தோன்றும். ஆனால் பிற்காலத்தில் புகழ் கருதிப் புனையப்பட்ட ஏட்டில் கண்வலிக்கும் வீட்டுச் சடங்குக்கும் இடமிருக்குமா? ஏட்டின் நம்பகத்தன்மைக்கு இத்தகைய வரிகளே பெருந்துணை.

28ஆம் நாள் பிற்பகல், நீல ஊதாக் கண்ணாடியோடு யுரேனியக் கண்ணாடியையும் சேர்த்து, உட்செல்லும் ஒளியின் அலைநீள வரம்பைக் குறுக்கினர். நிறமாலை காட்டியால் நோக்கியபோது, பழைய ஒளிக்கும் மாறிய ஒளிக்கும் இடையே ஓர் இருண்ட இடைவெளி தென்பட்டது. மங்கலாகக் கலந்து கிடந்தவை இரண்டாகப் பிரிந்து நின்றன. இந்தியாவில் 1987 முதல் தேசிய விஞ்ஞான நாளாகக் கொண்டாடப்படுவது இந்நாளே. குறிப்பைப் படிப்பவர்க்கு ஒன்று விளங்கும்: கண்டுபிடிப்பு ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. 7ஆம் நாளையே பிறந்த நாளாகக் கொள்வதற்கும் இடமுண்டு. விழாவுக்கு ஒரு நாள் வேண்டும். ஏட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

நாட்களின் கணக்கு இங்கே வெறும் ஆர்வத்துக்காக அன்று. மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஸ்டாம் என்னும் இருவர் படிகக்கல்லில் இதே விளைவை அந்தப் பிப்ரவரி 21ஆம் நாள் கண்டனர். ஆனால் தங்கள் கட்டுரையை மே மாதத்தில்தான் அனுப்பினர். இராமனும் கிருஷ்ணனும் பிப்ரவரி 16ஆம் நாளிட்டு எழுதிய குறிப்பு மார்ச்சு 31இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்துவிட்டது. 1930இல் நோபெல் பரிசு இராமன் ஒருவருக்கே அளிக்கப்பட்டபோது உருசியாவில் எழுந்த மனக்குறை நெடுநாள் தணியவில்லை. அங்கே இவ்விளைவை வேறு பெயராலேயே வழங்கினர். அச்சேறிய கட்டுரைகளால் தீர்க்கப்பட்ட வழக்கு இது. எனினும் கட்டுரை ஐந்தொகை போன்றது. அது எப்படித் திரண்டது என்பதைச் சொல்ல நாட்குறிப்பே உண்டு.

உள்வீட்டு வழக்கும் ஒன்று இருந்தது. கிருஷ்ணனின் பங்கு எவ்வளவு? பிப்ரவரி 16ஆம் நாளின் குறிப்பில் இருவர் பெயரும் உள்ளன. மார்ச்சில் அனுப்பி ஏப்ரலில் வெளியான, அலைநீள மாற்றத்தைக் கூறும் குறிப்பில் இராமன் பெயர் மட்டுமே உள்ளது. இதைக் கொண்டு குருவுக்கும் சீடருக்கும் இடையே பகை மூட்ட விரும்பியவர்கள் உண்டு. நாட்குறிப்பு அவர்களுக்கு உதவவில்லை. கண்டவர் யார், அதன் பொருளை உணர்ந்தவர் யார், சரிபார்க்கும் உத்தியைச் செய்தவர் யார் என்று ஒவ்வொன்றும் அவரவர் பெயரில் பற்று வைக்கப்பட்டிருக்கிறது. எழுதியவர் தம் பங்கைக் குறைத்துக்கொள்ளவுமில்லை, ஆசிரியருடையதைக் கவர்ந்துகொள்ளவுமில்லை. பின்னாளில் டில்லித் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராகி 1961இல் மறைந்த கிருஷ்ணன், தமக்கு நோபெல் பரிசில் பங்கு வேண்டுமென்று வழக்காடியவர் அல்லர். அவர் நாட்குறிப்பை ஆராய்ந்த கட்டுரை, 2000ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்தின் வரலாற்று ஏட்டில் இடம்பெற்றது.

கல்கத்தாவில் இவை நிகழ்ந்த அதே 1928இல்தான் சிங்கப்பூரின் புக்கிட் தீமா சாலையில் இராபிள்சு கல்லூரி முதல் மாணவர்களைச் சேர்த்தது. இரசாயனம் அதன் தொடக்கப் பாடங்களுள் ஒன்று. 1905இல் தோன்றிய மருத்துவப் பள்ளியோடு அது 1949இல் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகமாயிற்று. தமிழில் இரசாயனம் கற்பிக்கும் முயற்சிக்கோ அதனினும் நீண்ட வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கர் சாமுவேல் கிரீன், தம் மாணவர்க்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே புகட்டியவர். அவர் முயற்சியால் 1875இல் 'கெமிஸ்தம்' என்ற நூல் வெளிவந்தது. கெமிஸ்ட்ரி என்பதை இரசவாதத்தோடு குழப்பாமல், ஒலியை மட்டும் தமிழாக்கி வைத்துக்கொண்ட அப்பெயர் இன்று புன்னகை விளைவிக்கலாம். துணிவான பெயர்தான்.

சிங்கப்பூரில் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி 1960 முதல் உயர்நிலைக் கல்வியைத் தமிழில் அளித்து, 1982இல் மூடப்பட்டது. அதன்பின் இங்குள்ள தமிழ் மாணவர் ஆய்வுக்கூடத்தில் எழுதுவது ஆங்கிலத்திலேயே. கிருஷ்ணனும் ஆங்கிலத்தில்தான் எழுதினார். ஆயினும் தமிழாசிரியர்க்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. 'நோட்' என்பதற்கும் 'ரெக்கார்டு' என்பதற்கும் குறிப்பேடு, பதிவேடு என்று இரு நல்ல சொற்களை வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே பொருளில் மாற்றி மாற்றி வழங்கிவருகிறோம். மார்க்கெட் தெருக் கணக்கப்பிள்ளை அப்படி வழங்கியதில்லை. அவருக்குக் குறிப்பு வேறு, பேரேடு வேறு.